டி டிரைவில் இருக்கும் பேக்கப்

மங்களூர் என்றதும் கர்நாடகக் கடற்கரை நினைவுக்கு வர வேண்டாம். நான் சொல்வது கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் இருக்கும் மங்களூர். இங்கிருந்து விருத்தாசலம் வரை எந்த உரக்கடையிலும், நெல் மண்டியிலும், பீங்கான் பட்டறை ஆபீஸிலும் கேட்டுப் பாருங்கள். "கணக்கெல்லாம் பேக்கப் எடுக்கிறீங்களா?" என்றால், "எடுக்கிறோமே சார், டி டிரைவ்ல இருக்கு" என்று பதில் வரும். திரையில் சி, டி என்று இரண்டு டிரைவ் தெரிகிறது. மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒரே ஒரு டிஸ்க். அது போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இதைக் கேட்டுச் சிரிப்பது சுலபம். ஆனால் பெரிய டேட்டா சென்டர்களில் நிபுணர்களை வைத்து நடப்பதும் பல இடங்களில் இதேதான். அங்கே அதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். ஸ்னாப்ஷாட் அருமையான கருவி, அதைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. "பேக்கப் இருக்கிறது" என்ற வாக்கியத்தைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறேன். அரசாங்கமும் நிறுவனங்களும் அதைச் சொல்கின்றன, நாமும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம்.

ஸ்னாப்ஷாட் என்ன செய்கிறது?

முந்நூறு ஜிபி டேட்டாபேஸ் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே காப்பி எடுக்க ஆரம்பித்தால் மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் ஆயிரம் பேர் ஏதாவது எழுதியிருப்பார்கள். காப்பியின் முதல் பாதி காலை பத்து மணி நிலவரம், இரண்டாம் பாதி பன்னிரண்டு மணி நிலவரம் என்று ஆகிவிடும். அது எந்த நேரத்தின் உண்மையும் இல்லை.

ஸ்னாப்ஷாட் இந்தச் சிக்கலைச் சாமர்த்தியமாகத் தாண்டுகிறது. "இந்த நொடி" என்று ஒரு கோடு போடுகிறது. எதையும் காப்பி எடுப்பதில்லை. அதற்குப் பிறகு யாராவது ஒரு பகுதியை மாற்றி எழுத வந்தால் மட்டும், அந்தப் பகுதியின் பழைய வடிவத்தை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, புதியதை எழுத விடுகிறது. லினக்ஸில் இருக்கும் பழைய வகை எல்விஎம் ஸ்னாப்ஷாட் இப்படித்தான் வேலை செய்கிறது. இசட்எஃப்எஸ் வேறு வழியில் போகிறது. பழையதைத் தொடாமல் விட்டுவிட்டு, புதியதை எப்போதுமே வேறு இடத்தில் எழுதும். வழி எதுவானாலும் ஒரு நொடியில் முடிந்துவிடும், இடமும் ஆரம்பத்தில் ஏறக்குறைய வேண்டாம். நிர்வாகிகள் இதை விரும்புவதில் ஆச்சரியம் இல்லை.

பிரச்சினையும் அந்தச் சாமர்த்தியத்திலேயே இருக்கிறது. மாறாத பகுதிகளுக்கு ஸ்னாப்ஷாட்டிடம் சொந்தமாக எந்தக் காப்பியும் இல்லை. அசல் வால்யூமிலேயே போய்ப் படித்துக்கொள்கிறது. ஆக அசல் டிஸ்க் செத்தால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே சாகும். டி டிரைவாவது முழுக் காப்பியை வைத்திருந்தது. ஸ்னாப்ஷாட் அதுவும் இல்லை, அசலின் மேல் சாய்ந்து நிற்கும் நிழல்.

இரண்டாவது, பழைய பகுதிகளை வைக்க ஒதுக்கிய இடம் நிரம்பினால் பழைய வகை எல்விஎம் ஸ்னாப்ஷாட் செல்லாமல் போய்விடும். டேட்டாபேஸ் எவ்வளவு பரபரப்பாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் நிரம்பும். அதாவது, அதிகம் தேவைப்படும் நாளில்தான் கைவிடும். போதாததற்கு, ஸ்னாப்ஷாட் இருக்கும் வரை ஒவ்வொரு பகுதியிலும் முதல் முறை எழுதும்போது பழையதைப் படித்து, எடுத்துவைத்து, பிறகு எழுத வேண்டும். அதனால் வேகமும் குறையும்.

மூன்றாவது டேட்டாபேஸ் சம்பந்தப்பட்டது. ஸ்னாப்ஷாட்டில் கிடைப்பது, திடீரென்று கரண்ட் போனால் டிஸ்க்கில் என்ன இருக்குமோ அந்த நிலை. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி போன்றவை இதிலிருந்து தாமே எழுந்து உட்காரும். மாற்றங்களை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவைப்பது அவற்றின் பழக்கம், எழுந்ததும் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். ஆனால் டேட்டா ஒரு வால்யூமிலும் பதிவேடு இன்னொரு வால்யூமிலும் இருந்து, இரண்டையும் ஒரே நொடியில் பிடிக்காமல் நாலு விநாடி தள்ளிப் பிடித்தால் இரண்டும் ஒட்டாது. ஒட்ட வைக்க வேண்டுமானால், "பேக்கப் ஆரம்பிக்கிறேன்", "முடித்துவிட்டேன்" என்று டேட்டாபேஸிடம் சொல்லும் கட்டளைகளைப் பயன்படுத்தி, இடைப்பட்ட பதிவேட்டையும் சேர்த்து வைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பில் அந்தக் கட்டளைகளின் பெயரே மாறிவிட்டது. பழைய ஸ்கிரிப்டை அப்படியே விட்டுவிட்டுப் பதிப்பை மட்டும் ஏற்றியிருந்தால், அன்று இரவிலிருந்து அந்தக் கட்டளை வேலை செய்யாது. பிழைச் செய்தி எங்கோ ஒரு கோப்பில் விழுந்து கிடக்கும். அதை யார் பார்க்கிறார்கள்?

தனி சர்வர் எதற்கு?

இங்கேதான் தனி சர்வர் வருகிறது. முறை எளிமையானது. ஸ்னாப்ஷாட் பிடித்த பிறகு அதை அதே மெஷினில் வைத்துக்கொண்டு உட்காராமல், ஸ்டோரேஜ் வழியாகவோ நெட்வொர்க் வழியாகவோ இன்னொரு சர்வரில் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும். ஸ்டோரேஜ் பெட்டி தனியாக இருந்தால் அந்த ஸ்னாப்ஷாட்டை இரண்டாவது சர்வருக்குக் காட்டலாம். இசட்எஃப்எஸ் ஆக இருந்தால், போன ஸ்னாப்ஷாட்டுக்கும் இதற்கும் இடையில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பலாம். காப்பி எடுக்கும் சுமை முழுதும் அந்த இரண்டாவது சர்வரின் தலையில் விழும், வாடிக்கையாளர் முன்னால் நிற்கும் அசல் சர்வர் மூச்சு வாங்காது. அங்கிருந்து முழுக் காப்பியாக வேறு டிஸ்க்குக்கோ டேப்புக்கோ போய்ச் சேர வேண்டும். அதுவரை இது பேக்கப் இல்லை, பேக்கப்புக்கான வழிதான்.

சுமை குறைவது நல்லதுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய லாபமாகத் தெரிவது வேறு. இரண்டாவது சர்வரில் அந்த டேட்டாபேஸை எழுப்பிப் பார்க்கலாம். எழுந்ததா, நேற்று கடைசியாக விழுந்த பில் அதில் இருக்கிறதா, மொத்த வரிசைகளின் எண்ணிக்கை முன்தினத்தைவிடத் திடீரென்று குறைந்திருக்கிறதா என்று தினமும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் பார்த்துச் சொல்லிவிடும். மீட்டுப் பார்ப்பது என்பது வருடத்துக்கு ஒரு முறை செய்யும் சடங்காக இல்லாமல் தினசரி வேலையாகிவிடும். தனி சர்வரை வெறும் கிடங்காக நினைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

அங்கே எழுப்பும்போது இரண்டு எச்சரிக்கை வேண்டும். அந்தக் காப்பி தன்னை அசல் என்று நினைத்துக்கொண்டு வாடிக்கையாளர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பக் கூடாது, அசலின் பதிவேட்டுக் கிடங்கில் போய் எழுதவும் கூடாது. இரண்டையும் அணைத்துவிட்டே எழுப்ப வேண்டும். இன்னொன்று, அசலில் இருக்கும் அத்தனை ரகசியமும் இதிலும் இருக்கிறது. அசலுக்கு என்ன பூட்டோ அதே பூட்டு இதற்கும் வேண்டும்.

கிட்லேப் பிழைத்த கதை

2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை இந்தத் துறையில் எல்லோரும் ஒரு முறையாவது படிக்க வேண்டும். இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள், ஒன்று அசல், மற்றொன்று அதைப் பின்தொடரும் நகல். நகல் பின்தங்கிவிட்டது. அதைச் சுத்தமாக அழித்துவிட்டு மறுபடி ஒத்திசைக்கலாம் என்று ஒரு பொறியாளர் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். கொடுத்தது அசல் சர்வரில். ஓரிரு விநாடியில் கவனித்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது ஏறக்குறைய 4.5 ஜிபி.

அதன் பிறகு பேக்கப்களைத் தேடினார்கள். தினமும் ஓட வேண்டிய டம்ப், டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் இருக்க 9.2 பதிப்பின் கருவியோடு ஓடித் தோற்றுக்கொண்டிருந்தது. போய்ச் சேர வேண்டிய இடம் காலி. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களைப் பெறும் சர்வரே நிராகரித்துவிட்டது. மேகக்கணினி நிறுவனத்தின் டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதி கோப்பு சர்வர்களுக்குப் போடப்பட்டிருந்தது, டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவே இல்லை. நகல் சர்வரோ முன்பே துடைக்கப்பட்டிருந்தது.

காப்பாற்றியது ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட். சோதனைச் சூழலுக்காக, அசலின் ஸ்னாப்ஷாட்டை வேறொரு சர்வருக்கு எடுத்துப்போகும் வழக்கம் அங்கே இருந்தது, 24 மணி நேரத்துக்கு ஒன்று. அன்று வேறு ஒரு சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் கையால் ஒன்று எடுத்திருந்தார். அதிலிருந்துதான் மீட்டார்கள். அந்தச் சோதனைச் சர்வரின் டிஸ்க் மெதுவானது என்பதால் திரும்பக் காப்பி எடுக்கவே சுமார் 18 மணி நேரம் ஆனது. சுமார் 5000 புராஜெக்ட், 5000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் போயின.

கிட்லேப் இதையெல்லாம் மறைக்காமல் எழுதியது, மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. அந்த நேர்மையைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் பாராட்டில் ஒரு விஷயம் அமுங்கிவிடுகிறது. காப்பாற்றியதற்கு அந்த நிறுவனம் "பேக்கப்" என்று பெயர் வைத்திருக்கவில்லை. பேக்கப் என்று பெயர் வைத்தவை எதுவும் கைகொடுக்கவில்லை. ஏன்? பேக்கப்களை யாரும் தினமும் பயன்படுத்தவில்லை. சோதனைச் சர்வரின் ஸ்னாப்ஷாட்டை மட்டும்தான் ஆட்கள் உண்மையிலேயே திறந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அது கெட்டிருந்தால் மறுநாள் காலையே யாராவது கத்தியிருப்பார்கள். அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆறு மணி நேரம் என்பது அதிர்ஷ்டம்தான். அது திறந்தது என்பது அதிர்ஷ்டம் இல்லை, தினமும் திறந்த பழக்கம்.

வேறு சர்வர், ஆனால் அதே சாவி

தனி சர்வர் இருந்தால் போதுமா என்றால், போதாது. கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் 2014 ஜூனில் மூடப்பட்டது இதற்குச் சாட்சி. அவர்களுடைய அமேசான் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழைந்த ஒருவன் பணம் கேட்டு மிரட்டினான். வெளியேற்றப் பார்த்தபோது சர்வர்கள், டிஸ்க்குகள், ஸ்னாப்ஷாட்டுகள் என்று அழித்துத் தள்ளினான். எல்லாம் வேறு வேறு இடத்தில்தான் இருந்தன, சாவி மட்டும் ஒன்று. சில மணி நேரத்தில் ஒரு தொழிலே முடிந்தது.

பக்கத்தில் இலங்கைக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 26 அன்று லங்கா அரசு மேகக்கணினி மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசு முகவரியில் இயங்கிய சுமார் 5000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. சர்வரைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் திரும்ப எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த, போன அஞ்சல்கள் திரும்ப வரவில்லை. ஆன்லைனில் இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டிருந்தது, அந்தக் காலத்துக்கு ஆஃப்லைன் பேக்கப் இல்லை. ஒரு நாட்டின் நிர்வாகத்தில் மூன்று மாதத்துக்கு மேல் எழுதப்பட்ட கடிதங்கள்! எந்த அதிகாரி எதற்கு ஒப்புதல் கொடுத்தார், எந்தக் குடிமகன் என்ன கேட்டு எழுதினார் என்பதற்கான தடயம் அது.

இந்த இரண்டிலிருந்தும் வருவது ஒரே பாடம். அசல் சர்வர் பேக்கப் சர்வருக்குள் போய் எழுதுகிற மாதிரி வைத்தால், அசலைப் பிடித்தவன் பேக்கப்பையும் பிடிப்பான். பேக்கப் சர்வர் வந்து அசலிலிருந்து எடுத்துப்போக வேண்டும். அசலிடம் பேக்கப் சர்வரின் பாஸ்வேர்ட் இருக்கவே கூடாது. பேக்கப் சர்வருக்கும் அசலைப் படிக்கும் உரிமை மட்டும் போதும். பழைய காப்பிகளை அழிக்கும் உரிமை மூன்றாவது ஒருவரிடம் இருக்கட்டும். "தனி" என்ற சொல்லுக்குத் தனி மெஷின் என்று மட்டும் பொருள் இல்லை. தனி சாவி, தனி ஆள் என்றும் பொருள்.

எய்ம்ஸ்: நல்ல முடிவும் மீதிக் கேள்விகளும்

நம் நாட்டில் இதன் பெரிய உதாரணம் டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23 அன்று இ-ஹாஸ்பிடல் சர்வர்கள் முடங்கின. பதிவு, அட்மிஷன், டிஸ்சார்ஜ் எல்லாம் பேனாவும் பேப்பரும் ஆனது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டிபி டேட்டா பூட்டப்பட்டது, நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிடல் டேட்டா முழுதும் மீட்கப்பட்டு, புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது என்றும் சொன்னது. இரண்டு வாரத்தில் பெரும்பாலான வேலைகள் திரும்பின.

முதலில் நியாயமாகப் பாராட்டிவிடுகிறேன். தனியாக ஒரு சர்வர் பிழைத்திருந்தது, அதனால் லட்சக்கணக்கானவர்களின் மருத்துவ வரலாறு பிழைத்தது. இலங்கைக்கு நடந்தது இங்கே நடக்கவில்லை. ஆனால் "பாதிக்கப்படாத பேக்கப் சர்வர்" என்ற மூன்று சொற்களைத் திரும்பப் படியுங்கள். பாதிக்கப்படாதது வடிவமைப்பாலா, தற்செயலாலா? பிரித்து வைக்காத நெட்வொர்க் என்று அதே அரசு சொல்லும்போது இந்தக் கேள்வி தானாகவே எழுகிறது. தற்செயல் என்றால் அடுத்த முறைக்கு உத்தரவாதம் இல்லை. டேட்டா பத்திரமாக இருந்தும் இரண்டு வாரம் ஆனதே, அந்த இரண்டு வாரத்தில் கவுண்டரில் வரிசையில் நின்றவர்களின் கணக்கை எதில் சேர்ப்பது? டேட்டா திரும்புவது வேறு, வேலை திரும்புவது வேறு. தனி சர்வரில் தினமும் எழுப்பிப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

விதிகளின் கவனமும் வேறு பக்கம்தான் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் போட்ட உத்தரவு, சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்தில் தகவல் சொல்ல வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. தேவையான விஷயங்கள்தான். ஆனால் இரண்டும் நடந்ததைச் சொல்வது பற்றியவை. இழந்தது திரும்ப வருமா என்பதை முன்கூட்டியே நிரூபிக்கச் சொல்வது பற்றியவை அல்ல.

நம்ம ஊருக்கு என்ன?

"இதெல்லாம் பெரிய இடத்துக் கதை, எங்களுக்கு ஏது தனி சர்வர்" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்காரர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதே இல்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கரைசலை ஊற்றி வார்க்கும்போது, ஒவ்வொரு வார்ப்புக்கும் அச்சு கொஞ்சம் தேயும். மூக்கும் முழியும் மழுங்கும். அதனால் மூல அச்சு என்று ஒன்றைத் தினசரி வேலைக்கு விடாமல் தனியே வைத்திருந்து, அதிலிருந்து புது அச்சு எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலின் முறை. மூல அச்சு நன்றாக இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவ்வப்போது அதிலிருந்து அச்சு எடுக்கிறார்களே, அதனால்.

சின்ன ஆபீஸுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். இலவச லினக்ஸ், அதில் இரண்டு டிஸ்க், இரவில் அது வந்து அசலிலிருந்து எடுத்துப்போகட்டும். கூடவே இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க். வாரத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி, எப்போதும் ஒன்று கடைக்கு வெளியே, மின்சாரமே தொடாத இடத்தில் இருக்கட்டும். வேறு ஊராக இருந்தால் இன்னும் நல்லது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. கடலூரில் அசல், நெய்வேலியில் பேக்கப் என்றால் வரைபடத்தில் அது தனி இடம், அன்றைக்கு ஒரே இடம்தான்.

ஸ்னாப்ஷாட்டையும் விட்டுவிடாதீர்கள். சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கும் முன் ஒன்று பிடித்து வைத்தால், சொதப்பினால் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குப் போகலாம். அந்த வேலைக்கு அதைவிட நல்லது இல்லை. தவறு நாம் அதன் மேல் ஏற்றும் பெயரில் இருக்கிறது.

இனி உங்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ, பிள்ளையின் பள்ளியிலோ, ஆஸ்பத்திரியிலோ யாராவது "பேக்கப் இருக்கு சார்" என்று சொன்னால், மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த மெஷினில்? அதை அழிக்கும் பாஸ்வேர்ட் யாரிடம்? கடைசியாக அதைத் திறந்து பார்த்தது எப்போது? முதல் இரண்டுக்கு ஏதாவது சமாளிப்பார்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் ஒரு தேதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.